பலூன் ஊத முடியாத டிரைவர்

எட்டாவதைத் தாண்டாத நான், ஒரகடம் கம்பெனிகளுக்கு ஷிப்ட் வேன் ஓட்டியே முன்னேறி இன்று முதலாளி. ஆயுதபூஜைக்கு அத்தனை வேனுக்கும் பலூன் ஊதுவது நான்தான். என் மூச்சு அப்படி!

போன வருடம் திருநெல்வேலிக்கார டிரைவர் முருகேசனிடம் ஒரு பலூனை நீட்டினேன். முகம் நீலம் பாரித்ததே தவிர, பலூன் எழும்பவில்லை.

"இன்னாடா, ஒரு பலூனுக்கே படுத்துட்ட?"

"ஆஸ்துமான்னு மாத்திரை திங்கேன் அண்ணாச்சி. கேக்க மாட்டேங்கு."

பொரி கடலையை அப்படியே போட்டுவிட்டு அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன்.

ஆஸ்துமாவே இல்லையாம். நுரையீரலில் பசை மாதிரி ஏதோ சேருகிற அபூர்வ நோயாம். உப்புத் தண்ணீர் விட்டு, என் வேனைக் கழுவுவது போல நுரையீரலையே கழுவினார்கள்! கழுவிய தண்ணீரை ஆராய்ச்சிக்குக் கேட்டார் டாக்டரம்மா.

"இந்த நோய்க்காரங்க கிடைக்கிறதே அபூர்வம்பா. இதை வச்சுப் படிச்சாத்தான் அடுத்தவங்களுக்கு வழி தெரியும்."

"தாராளமா எடுத்துக்கிடுங்கம்மா. எனக்கு எதுக்கு?" என்றான். வார்டே சிரித்தது.

இப்போது என் வேன்களின் முதுகில், "மாத்திரைக்கும் அடங்காத மூச்சிரைப்பா? நுரையீரல் டாக்டரைப் பார்!" என்று எழுதியிருக்கும். வாசகம் என்னுடையது.

இந்த ஆயுதபூஜையில் முருகேசன் என்னுடையதைவிடப் பெரிய பலூனாக ஊதிக் காட்டினான்.

"எப்படி அண்ணாச்சி?"

யாரிடமும் தோற்காதவன் நான். அன்று தோற்றுவிட்டு விசில் அடித்தேன்.