ஆங்கிலச் செய்திக்கு நான் சொன்ன பொருள்

இன்று காலை தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர், இடஒதுக்கீட்டால் தகுதி செத்துவிட்டது என்று கத்தினார். அணைக்க எழுந்தவன், நினைவில் பழைய எலவனாசூர்கோட்டை வீட்டுக் கூடத்தில் போய் நின்றேன்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த நாட்கள். தெருவில் எங்களிடம் மட்டுமே டி.வி. இருந்தது. காலையில் ஆங்கிலச் செய்தி ஓடியது. எங்கள் கரும்பு வெட்டும் முருகேசன் சன்னலருகே வந்தார்.

"எட்டி நில்லுடா! மரத்த வெட்டிட்டு இங்க இன்னா வேடிக்க?" என்றார் அப்பா.

முருகேசன் என்னிடம் கேட்டார்: "எங்கள பத்தி இன்னா சொல்றாங்க தம்பி?"

அரசு பேச்சுவார்த்தைக்குச் சம்மதித்துவிட்டது என்பதுதான் செய்தி. மறுநாள் எங்களுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வு. வகுப்பில் அவர் மகன் எப்போதும் முதல், நான் இரண்டாவது.

"ஆம்பளைங்கள எல்லாம் புடிச்சிக்கினு போவப் போறாங்களாம். படிக்கிற பசங்களயும் வுடமாட்டாங்களாம்," என்றேன். தெரிந்தே சொன்னேன்.

"பரீட்சயாவது ஒண்ணாவது!" என்று மகனை இழுத்துக்கொண்டு கல்வராயன் மலைக்கு ஓடினார். தேர்வுகள் முடிந்தபின்தான் இறங்கினார்கள். அவன் அதன்பின் பள்ளிக்கு வரவில்லை.

பள்ளியில் நான் முதலாவதாக வந்தேன். அப்பா தெருவுக்கே மிட்டாய் கொடுத்தார். வாங்க வந்த முருகேசன் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க சொல்லலன்னா புள்ளய பறிகொடுத்திருப்பேன் தம்பி. நல்லா இருங்க."