குட் மார்னிங் படங்களுக்கு நான் போட்ட தடை

பிள்ளைகளே, எங்கள் ஆபீஸில் போன் எடுக்கும் அக்காவைப் பற்றி உங்களிடம் ஒரு பொய் சொல்லிவிட்டேன். சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, ரசம் ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னேன். "அந்த அக்கா மெசேஜ் பாக்க மறந்துட்டாங்க. பாவம், ஒரு டீச்சரம்மாவுக்குக் கை ஒடைஞ்சுபோச்சு." சின்னவன் உடனே கேட்டான்: "நீ செஞ்சது கரெக்டாத்தானே வேலை செஞ்சுது, அப்பா?" நான் "ம்" என்றேன். பெரியவள் எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தாள்.

அந்த அப்பளத்தையும் சாப்பிட்டேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஆபீஸ் வேலை உங்களுக்குத் தெரியும். படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்புவது. ஆள் வேண்டும் என்பவர்கள் போன் பண்ணுவார்கள். பாதிப் பேர் எங்கள் இரண்டு சோஷியல் மீடியா பக்கங்களில் எழுதிப் போடுவார்கள். அக்கா அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, நீள நோட்டில் எழுதி, ஒவ்வொருவரையும் கூப்பிட்டுப் பேசுவார். நாள் முழுக்க அதே வேலை.

நான் பத்தாவதோடு நின்றவன். அந்த ஆபீஸில் வண்டி ஓட்டத்தான் சேர்ந்தேன். கோடிங் தெரியாமலே இதையெல்லாம் தானாக நடக்க வைக்கலாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். திரையில் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கோடு இழுத்துவிட வேண்டும். பக்கத்துக்குச் செய்தி வந்ததும் அது போய் ஒரு டேபிளில், அதாவது கம்ப்யூட்டர் அட்டவணையில், புது வரியாக உட்கார்ந்துகொள்ளும். எழுதியவர் பெயர், என்ன கேட்டார், எப்போது கேட்டார், எல்லாம் அதனதன் இடத்தில். கூடவே அவருக்கு ஒரு பதிலும் போய்விடும்: "உங்கள் செய்தி பதிவாகிவிட்டது. இன்று மாலைக்குள் அழைப்போம்." மூன்று வாரம் முட்டி மோதி அதைச் செய்து முடித்தேன். பெரியவளே, இங்கிலீஷ் புரியாத இடங்களில் நீதான் படித்துச் சொன்னாய். முதல் செய்தி டேபிளில் வந்து விழுந்தபோது நீங்கள் இரண்டு பேரும் கைதட்டினீர்கள். என் வாழ்க்கையில் எனக்காக யாரும் கைதட்டி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஆபீஸை நடத்தும் மேடத்துக்கும் பிடித்துவிட்டது. "இனிமே நோட்டு பேடா, டேபிள் மட்டும் பாத்தா சாக்கு," என்று அவர்களுடைய கன்னடத் தமிழில் அக்காவிடம் சொன்னார்கள். நோட்டு வேண்டாம், டேபிள் போதும் என்று அர்த்தம்.

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார். "அப்ப எனக்கு இன்னா வேலை தம்பி? உங்க மிஷினுக்கு ஊதுவத்தி ஏத்தி வெக்கவா?"

முதல் வாரமே ஒரு தொல்லை. நம் ஆட்களின் பழக்கம்தான் தெரியுமே, காலையில் எழுந்ததும் குட் மார்னிங் படம் அனுப்புவது. ஆவி பறக்கும் காபி, ரோஜாப்பூ, கைகூப்பும் பாப்பா. எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஆபீஸ் பக்கத்துக்கும் அனுப்புவார்கள். ஒவ்வொரு படமும் டேபிளில் ஒரு வரி.

"தம்பி, இன்னிக்கு நாப்பத்தோரு ரோஜா," என்றார் அக்கா. "மாலையாக் கட்டி உங்க கழுத்துலயே போட்டுடவா?"

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே ஒரு விதி போட்டேன். ஒருவர் பெயரில் ஏற்கெனவே டேபிளில் வரி இருந்தால், அவர் மறுபடி எழுதுவதற்குப் புது வரி வேண்டாம், விட்டுவிடு. மறுநாள் டேபிள் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பதில் அனுப்பும் கட்டம் அந்த விதிக்கு முன்னாலேயே இருந்தது. அதை நான் தொடவில்லை. யோசிக்கவும் இல்லை.

அக்கா அப்போது ஒன்று சொன்னார். "நான் அந்தப் படத்துக்கெல்லாம் பதில் போடுவேன் தம்பி. ஒரு நா படம் வரலேன்னா போன் பண்ணுவேன். அந்த வீட்ல ஏதோ சரியில்லேன்னு அர்த்தம்." நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

டீச்சரம்மா காக்ஸ் டவுனில் இருக்கிறார். ரிட்டயர் ஆனவர். கணவர் பக்கவாதம் வந்து படுத்திருக்கிறார். எட்டு மாதம் முன்பு நாங்கள் அனுப்பிய பெண்தான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டிலிருந்த பழைய பெயர்களையும் டேபிளில் ஏற்றியிருந்தேன்; அதில் டீச்சரம்மாவின் வரிக்கு நேராக "முடிந்தது" என்று இருந்தது, ஆள் கொடுத்தாயிற்று என்று பொருள். அந்தப் பெண்ணுக்குத் தம்பி கல்யாணம், பத்து நாள் லீவு. "நான் ஆபீசுக்கு எழுதிட்டேம்மா, வேற ஆளு வந்துடும், நீ போய்ட்டு வா," என்று டீச்சரம்மா அனுப்பிவைத்திருக்கிறார்.

எழுதத்தான் செய்தார். நான்கு முறை. நான்குக்கும் "பதிவாகிவிட்டது, மாலைக்குள் அழைப்போம்" என்று என் பதில் போயிருக்கிறது. அவர் பெயர் ஏற்கெனவே இருந்ததால் ஒன்றுகூட டேபிளுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் அவரே கணவரைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றப் பார்த்திருக்கிறார். இரண்டு பேரும் விழுந்தார்கள். டீச்சரம்மாவுக்கு வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக்காரர் மேடத்துக்குப் போன் பண்ணித் திட்டி, அந்தப் பதில்களின் படத்தையும் அனுப்பிவிட்டார். மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள்.

"ஏனாய்து இது? என்னாச்சு? பதில் போயிருக்கே. ஏன் யாரும் கூப்பிடல?"

"டேபிள்ல வரவே இல்லியே மேடம்," என்றார் அக்கா.

"வராம பதில் எப்படிப் போகும்?" மேடம் என் பக்கம் திரும்பினார்கள். "நீங்க பாத்தீங்களா?"

பார்த்திருந்தேன். உள்ளே போவதற்கு முன்பே பார்த்துவிட்டேன். கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. வாயைத் திறந்தேன். "சிஸ்டம் சரியாத்தான் இருக்கு மேடம்," என்று வந்தது.

அக்கா என்னைப் பார்த்தார். நான் லேப்டாப்பைப் பார்த்தேன்.

அன்று இரவு சாப்பாட்டின்போதுதான் உங்களிடமும் அப்படிச் சொன்னேன்.

மறுநாள் ஆபீஸ் வண்டி சர்வீஸுக்குப் போயிருந்ததால், மாற்று ஆளை அழைத்துக்கொண்டு நானும் அக்காவும் பஸ்ஸில் காக்ஸ் டவுனுக்குப் போனோம். டீச்சரம்மா கையில் மாவுக்கட்டோடு கதவைத் திறந்தார். கோபமே இல்லை. "திரும்பத் திரும்பப் போன் போட்டா உங்களுக்குத் தொந்தரவுன்னு இருந்துட்டேன். கூப்பிடுறோம்னு எழுதியிருந்தீங்களே," என்றார். அதைக் குற்றமாகக்கூடச் சொல்லவில்லை.

உள்ளே புது ஆள் அவருடைய கணவரை நிமிர்த்தப் போனார். கணவர் கட்டில் கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றார். "விழுந்ததுலேர்ந்து இப்படித்தான். முன்னெல்லாம் பயப்பட மாட்டாரு," என்றார் டீச்சரம்மா.

அக்கா டீச்சரம்மாவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க டீச்சர். நான்தான் எங்கியோ பாக்காம விட்டுட்டேன் போல." நான் பக்கத்திலேயே, செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஏன் கையில் எடுத்தேன் என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாப்பில் அக்கா தனக்குத்தானே பேசுவதுபோல், "வயசாவுது எனக்கு. கண்ணுல படாமப் போயிருக்கு," என்றார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ரோஜாவுக்குப் போட்ட தடை, பதில் போன கட்டம், நான் முன்பே பார்த்துவிட்டது, எல்லாவற்றையும் சொன்னேன்.

எங்கள் பஸ் வந்தது. அக்கா ஏறாமல் நின்றார். பஸ் போய்விட்டது.

"நேத்து ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்லை தம்பி," என்றார். "கண்ணு டாக்டருகிட்ட போவலாமான்னு இருந்தேன்." பிறகு கேட்டார்: "வீட்ல புள்ளைங்களுக்குத் தெரியுமா?"

"நீங்க மறந்துட்டீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"நல்லாருக்கே." சிரித்தாரா என்று தெரியவில்லை. "மேடத்துகிட்ட நாளைக்கு சொல்லிடுவீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா அந்தப் புள்ளைங்க என்னிக்காவது ஆபீசுக்கு வந்தா, என்னைப் பாத்து இன்னா நெனைக்கும்? அங்கதான் மொதல்ல சொல்லணும்."

மறுநாள் மேடத்திடம் சொல்லிவிட்டேன். திட்டினார்கள். அது பெரிதில்லை. தடையை நான் எடுக்கும் வரை அக்கா பழையபடி பக்கங்களைப் பார்த்தே நோட்டில் எழுதினார். வீட்டில் சொல்லத்தான் வாய் வரவில்லை, ஒரு வாரமாக. நீங்கள் கைதட்டியதுதான் ஞாபகம் வருகிறது. அதனால் எழுதிவிட்டேன். மறந்தது அக்கா இல்லை. பெரியவளே, நீ படித்துச் சொன்னதிலும் தப்பில்லை. தடை போட்டதும் நான், மறைத்ததும் நான். அக்காவை எப்போது பார்த்தாலும் வணக்கம் சொல்லுங்கள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. ஆபீஸில் யாரும் இல்லை. அந்தத் தடையை எடுத்தேன். விடுபட்டவை எல்லாம் உள்ளே ஒரு பட்டியலில் இருந்தன. காபி, ரோஜா, பாப்பா என்று தள்ளிக்கொண்டே போய், டீச்சரம்மாவின் நான்கு செய்திகளைத் தேடி எடுத்தேன். வெட்டி ஒட்டவில்லை. அவர் எழுதியிருந்ததை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து, டேபிளில் நான்கு வரிகளாகத் தட்டினேன். கடைசிக் கட்டத்தில் "பொறுப்பு" என்று இருக்கும். எல்லா வரியிலும் அங்கே அக்கா பெயர் தானாக வந்து நிற்கும். அந்த நான்கிலும் அதை அழித்துவிட்டு என் பெயரைப் போட்டேன்.