பெரியப்பா வேண்டாம் என்ற சங்கிலி

எங்கள் வேன் ஓடையில் சாய்ந்த கதையை நடித்துக் காட்டுவதில் சிறுவயதில் பெயர் வாங்கியவள் நான். கல்யாண வீடுகளில் பந்தி முடிந்ததும் யாராவது ஒருவர், "ஏ புள்ள, அந்தச் சங்கிலிக் கதையச் சொல்லு" என்பார். அடுத்த நிமிடம் நான் பெரியப்பாவாக மாறிவிடுவேன். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். பெரியப்பாவும் ஓர் ஓரமாக உட்கார்ந்து சிரிப்பார். இப்போது நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பெரியப்பா ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பல வருடம் போர்மேனாக இருந்தவர். திடீரென்று ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டார். கம்பெனியில் ஏதோ விபத்து என்று பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு மாறிவிடும். அப்புறம் அவரும் அப்பாவும் சேர்ந்து, வெடிகளுக்குக் காகிதக் குழாய் உருட்டிக் கொடுக்கும் தொழிலைச் சாத்தூரில் தொடங்கினார்கள். பழைய லோடு வேன் ஒன்றையும் வாங்கினார்கள். வெடிமருந்தைத் தொடாமல் பிழைக்க ஒரு வழி கிடைத்ததில் பெரியம்மாவுக்கு உயிர் வந்தது. "இனிமே அந்தக் கம்பெனி வாசல நீங்க மிதிக்கவே வேணாம்" என்று அவர் பெரியப்பாவிடம் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

அது எங்களுக்கு முதல் சீசன். தீபாவளிக்கு முந்தைய கடைசி ஆர்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் குழாய் வராவிட்டால் வேறு ஆளிடம் வாங்கிக்கொள்வோம், அடுத்த வருடமும் அவரோடுதான் என்று குழாய் கேட்ட கம்பெனியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஆர்டர் போனால் தொழிலும் போயிற்று என்பது நாலாம் வகுப்புப் படித்த எனக்கே தெரியும். வீட்டில் பத்து நாளாக அதே பேச்சுதான்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் அழுது அடம்பிடித்து நானும் வேனில் ஏறிக்கொண்டேன். அப்பா ஓட்டினார். நடுவில் நான், அந்தப் பக்கம் பெரியப்பா. நேரம் மிச்சமாகும் என்று அப்பா கரிசல் காட்டு வண்டிப்பாதையில் திருப்பினார். முந்தின நாள் பெய்த மழையை அவர் கணக்கில் எடுக்கவில்லை. குறுக்கே இருந்த சின்ன ஓடையில் இறங்கிய வேன், அக்கரை மேட்டில் பாதி ஏறி அப்படியே அமுங்கிவிட்டது. அப்பா ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க அது இன்னும் ஆழமாகப் போனது. கரிசல் மண் பிடித்தால் விடாது. மேலே தூறல், கீழே ஓடையில் கணுக்கால் அளவு தண்ணீர். மூட்டைகளை இறக்கி வைக்கவும் வழியில்லை. இருந்தது ஒரே தார்ப்பாய், அது லோடின் மேல் இறுக்கிக் கட்டியிருந்தது. குழாய் நனைந்தால் காசுக்குப் பிரயோஜனமில்லை.

நாங்கள் இறங்கி நின்றுகொண்டிருந்தபோது பக்கத்துக் காட்டிலிருந்து ஒருவர் டிராக்டரோடு வந்து சேர்ந்தார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பியது. "கவலப்படாதீக, அஞ்சு நிமிசத்துல இழுத்துப்புடலாம்" என்று டிராக்டர்காரர் சொல்லிக்கொண்டே, தோளில் கிடந்த இரும்புச் சங்கிலியை டிராக்டரின் கொக்கி மேல் தொப்பென்று போட்டார். கணீரென்று சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பெரியப்பா என் மணிக்கட்டைப் பிடித்து, பத்தடித் தூரம் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடிவிட்டார். என் ஒரு செருப்பு சேற்றிலேயே நின்றுவிட்டது. டிராக்டர்காரர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

பெரியப்பா திரும்பி வந்து, "சங்கிலி வேணாம்" என்றார்.

"ஏன் அண்ணாச்சி?" என்றார் டிராக்டர்காரர்.

"வேணாம். இரும்பும் இரும்பும் உரசக் கூடாது. கயிறு இருந்தா கொண்டாங்க."

"உள்ள என்ன, மருந்தா வச்சிருக்கீக?"

"வெறும் காயிதக் குழாய்ண்ணே!" அப்பா பெரியப்பாவைப் பார்த்துக் கத்தினார். "ஒரு பொட்டு மருந்து கெடையாது. ஒங்க கையாலதான ஏத்துனீக?"

"எனக்குத் தெரியும்லே" என்றார் பெரியப்பா. "தெரியும். சங்கிலி வேணாம்."

சங்கிலியில் சாக்கைச் சுற்றிக் கட்டுகிறேன் என்றுகூட டிராக்டர்காரர் சொல்லிப் பார்த்தார். பெரியப்பா சரி என்று சொல்வது போலச் சங்கிலியைக் கையில் எடுத்தார். இரண்டு கண்ணிகள் ஒன்றோடொன்று உரசின. உடனே கீழே வைத்துவிட்டார். இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். அதைப் பார்த்துவிட்டு, "பெரியப்பாவுக்குப் பயம்!" என்று நான் உரக்கச் சொன்னேன். யாரும் என்னைத் திட்டவில்லை. பெரியப்பா என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார்.

மூத்தவர் பேச்சை மீற அப்பாவால் முடியவில்லை. டிராக்டர்காரரின் பம்புசெட்டு அறையிலிருந்து பழைய தேங்காய்நார்க் கயிறு வந்தது. முதல் இழுப்பிலேயே அறுந்தது. இரண்டு மடிப்பாக்கி மறுபடி கட்டினார்கள். இந்த முறை வேன் அசைந்தது. உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. முன்சக்கரம் இரண்டும் மேலே வந்துவிட்டன. பெரியப்பா இரண்டு கையையும் தூக்கி, "வா, வா" என்று மாட்டைக் கூப்பிடுவது போல வேனைக் கூப்பிட்டார். அப்போது கயிறு அறுந்தது. வேன் வந்த வழியே பின்னால் போய், ஓடையில் இறங்கி ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொண்டது. அப்பா ஜன்னல் வழியாக ஏறி வெளியே வந்தார். மேலில் ஒரு கீறல் இல்லை. மூட்டைகள் பாதிக்கு மேல் தண்ணீரில் கிடந்தன. பெரியப்பா இறங்கி, ஒரு மூட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஊறிப்போன குழாய்கள் அவர் கையோடு பிய்ந்து வந்தன.

"சங்கிலி போட்டிருந்தா ஏறியிருக்கும்" என்றார் அப்பா. அதற்கப்புறம் எத்தனையோ வருடம் அவர் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கோ அது நல்ல விளையாட்டாகிவிட்டது. பெரியப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் பூனை மாதிரிப் போய் எவர்சில்வர் தட்டைத் தரையில் போடுவேன். அவருக்குத் தூக்கிவாரிப் போடும், எழுந்து நின்றுவிடுவார். பிறகு என்னைப் பார்த்து, "போக்கிரிக் கழுத" என்று சிரிப்பார். எத்தனை தடவை அப்படிச் செய்தேன் என்று எனக்கே நினைவில்லை. அந்தப் பாவத்தை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது என்று தெரியவில்லை.

கல்லூரிக்குப் போன பிறகுதான் அப்பா எனக்கு விஷயத்தைச் சொன்னார். கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் யாரோ ஒருவர் அவசரத்தில் இரும்பு வாளியைத் தரையில் இழுத்திருக்கிறார். அந்தப் பொறியில் நான்கு பேர் போய்விட்டார்கள். நால்வரையும் வேலைக்குச் சேர்த்துவிட்டவர் பெரியப்பா. அன்று அந்த அறைக்கு வெளியே நின்றுகொண்டு, இழுபடும் வாளியின் சத்தத்தைக் கேட்டவரும் அவர்தான்.

வேன் சாய்ந்த பத்தாவது நாள், குழாய்த் தொழிலும் இல்லை, வேனும் இல்லை என்றான பிறகு, பெரியப்பா தன் பழைய கம்பெனிக்கே போர்மேனாகத் திரும்பிப் போனார். காலையில் கம்பெனி வேன் தெருமுனையில் வந்து நின்றது. அவர் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் துள்ளிக் குதித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

"பெரியப்பா, எனக்குத் தரைச்சக்கரம் நெறையாக் கொண்டாங்க!"

"கொண்டாரேன் தாயி" என்றார். வேன் போய்விட்டது.

திரும்பி வந்தபோது பெரியம்மா வாசற்படியில் நின்று அழுதுகொண்டிருந்தார். ஓடையில் நனைந்த குழாய்களுக்காக அழுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். அவரைத் தேற்ற வேண்டும் என்று உண்மையிலேயே ஆசைப்பட்டேன். "அழாதீங்க பெரியம்மா, கொழா போனா என்ன, இனிமே நமக்கு வெடி சும்மாவே கெடைக்குமே" என்றேன்.

பெரியம்மா என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். என்னை ஒருநாளும் அதட்டிக்கூடப் பேசாதவர். கன்னம் வீங்கிவிட்டது. நல்ல வார்த்தை சொன்னதற்கு அடித்துவிட்டாரே என்று ரோஷப்பட்டு, தீபாவளி வரை நான் பெரியம்மாவோடு பேசவே இல்லை.