பதினோராம் அத்தியாயம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் டிடிபி கடை வைத்திருந்தேன். ஓய்வுபெற்ற தத்துவப் பேராசிரியர் ஒருவர் தம் நாவலைத் தட்டச்சுக்குக் கொண்டுவருவார். ஒல்லியான உடம்பு, காலர் நைந்த கதர்ச் சட்டை. நான் அடித்து முடிக்கும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

கடைசிப் பக்கம் முடிந்த அன்று கேட்டார்: “பதினோராம் அத்தியாயத்துல செத்துப்போன பொண்டாட்டி, பதிமூணுல காபி போடறா. கவனிச்சீங்களா?”

“இல்ல சார். எழுத்தைப் பார்த்து அடிப்பேன், கதை மனசுல ஏறாது. மாத்திடட்டுமா?”

“வேணாம். யாராவது படிச்சாதான் அவ செத்தவ. அதுவரைக்கும் காபி போட்டுக்கிட்டு இருக்கட்டும்.”

சிரிக்காமல்தான் சொன்னார். அவர் போனபின் முதன்முறையாக அந்த நாவலைப் படிக்க உட்கார்ந்தேன். பத்து அத்தியாயம் படித்தேன். அதற்கு மேல் இன்றுவரை படிக்கவில்லை.