வெள்ளவத்தையில் நீலப் புகை

அதைத்தான் சொல்ல ஓடி வந்தனான் ரஹீமா, புகை நிண்டிட்டுது! காலமை பார்த்தனீரோ? என்ரை மகன் குகன் காரை ஸ்டார்ட் பண்ண, ஒழுங்கையில ஒரு துளி நீலமும் இல்லை. இவ்வளவு நாளும் என்ன பாடு! விடிஞ்சால் நீலப் புகை மேல் மாடிவரைக்கும் ஏறும். யன்னல் சாத்திற சத்தம் ஒவ்வொண்டாய்க் கேக்கும். நீரும் சாத்தினனீர், எனக்குத் தெரியும். நான் மகனோடை இஞ்சை வரமுந்தி பருத்தித்துறையில புகைக்கு ஆர் யன்னல் சாத்தினது? சண்டைக் காலத்தில பெற்றோல் இல்லை. எங்கட அவர் பழைய காருக்கு ஒரு மூடி பெற்றோலைக் காட்டி உசுப்பிப்போட்டு, பிறகு மண்ணெண்ணெயில ஓட விடுவார். வெள்ளைப் புகை வேலி தாண்டிப் போகும். அதைக் கண்டால் அயல்ச் சனம் சந்தோசமாய் ஓடி வரும், கார் உயிரோடை நிக்குது, ஆசுபத்திரிக்குப் போகலாம் எண்டு. அந்தப் பழக்கத்தில இஞ்சையும் பல்கனியில நிண்டு சிரிச்சுக்கொண்டு பார்ப்பன். கீழ் வீட்டுச் சிங்கள நோனா மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்துக் கை காட்டுவா. நானும் கை காட்டுவன். அவ ஏசினவ எண்டு பிறகுதான் குகன் சொன்னான்.

ஆனால் வீட்டுக்குள்ள சிரிப்பில்லை. அந்தக் காரிலதானே எங்கட சீவியம். குகன் ஏர்போட்டுக்கு ஹயர் ஓடுறான், மருமகள் சாந்தி காலமையில பள்ளிக்கூடப் பிள்ளையளை ஏத்தி இறக்கிறாள். இது டேர்போ கார், எண்ணெய் குடிக்கும், அடிக்கடி ஊத்துங்கோ எண்டு வித்தவன் சொல்லித்தான் குடுத்தவன். கொட்டாஞ்சேனையில ஒரு கராஜ்காரன் புகையைக் கண்ட உடனை, "டேர்போ முடிஞ்சுது, எஞ்சினையும் கழட்ட வேணும்" எண்டிட்டான். குகன் வந்து, "காரை வித்துப்போட்டு ஊருக்கே போவம்" எண்டான். சாந்தி, "எங்கட பிள்ளையளின்ரை படிப்பைக் குழப்பிக்கொண்டு நான் வரமாட்டன்" எண்டாள். அண்டையோடை ரெண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. எனக்கு ஊருக்குப் போறதெண்டால் கசக்குமோ? ஆனால் ரெண்டாய்ப் பிரிஞ்சோ போறது?

கடைசியாய் தெஹிவளையில ஒரு மெக்கானிக் பாஸிட்டைப் போனம். சாந்தியும் வந்தாள், பின் சீற்றில என்னோடை. பாஸ் காரைக் கொஞ்ச நேரம் சும்மா ஓட விட்டு வைச்சார். பிறகு அக்சிலேட்டரை மிதிக்கச் சொன்னார். குப்பெண்டு நீலம்! டேர்போவுக்குப் போற ஹோஸைக் கழட்டி விரலை விட்டார், விரல் முழுக்க எண்ணெய். குகன்ரை முகம் செத்துப் போச்சு. பாஸ் உள்ளுக்கிருந்த சின்னக் காத்தாடியைப் பிடிச்சு ஆட்டிப் பார்த்தார். அது ஆடேல்லை. "டேர்போ ஹொந்தாய்" எண்டார். நல்லாயிருக்காம். பிறகு எண்ணெய் பார்க்கிற கம்பியை இழுத்து, துடைச்சு, திரும்ப விட்டு இழுத்து, என்ரை முகத்துக்கு நேரை நீட்டினார். நிக்க வேண்டிய கோட்டுக்கு மேல கன தூரம் எண்ணெய். சிங்களத்தில ஏதோ கேட்டார். விளங்காட்டில் நான் தலையாட்டுவன், உமக்குத் தெரியும்தானே. ஆட்டினன். அந்தாள், "அனே ஆச்சி!" எண்டு தலையில அடிச்சுக்கொண்டுது. கராஜ் முழுக்கச் சிரிப்பு.

"ஆர் எண்ணெய் ஊத்தினதெண்டு கேக்கிறார் அம்மா. நீங்கள் ஓமெண்டுறியள்" எண்டான் குகன். "ஊத்தினது நான்."

பக்கத்திலயிருந்து சாந்தி, "நானும்தான்" எண்டாள்.

"நீர் ஏன் ஊத்தினனீர்?"

"ஏர்போட் றோட்டில தனிய நிண்டிட்டால் என்ன செய்வியள்? நீங்கள் ஏன் ஊத்தினனீங்கள்?"

"பிள்ளையளோடை நீர் நடு றோட்டில நிண்டால்?"

கேட்டீரோ ரஹீமா! ரெண்டு பேரும் ஆளுக்காள் சொல்லாமல், கம்பியையும் பாராமல் ஊத்தியிருக்கினம். புகை கூடக் கூட, எண்ணெய் குறையுதாக்கும் எண்டு இன்னும் ஊத்தியிருக்கினம். நிறைஞ்ச எண்ணெய் நுரைச்சு, காத்துப் போற குழாயால டேர்போவின்ரை வாய்க்குள்ள போய், எரிஞ்சு புகையாய் வந்திருக்கு. பாஸ் கூடினதை வடிச்சு விட்டார். உள்ளுக்குக் கிடந்த மிச்சம் எரிஞ்சு முடியும்வரைக்கும் கொஞ்சம் புகைச்சுது. இண்டைக்குத் துப்புரவாய் இல்லை!

வரேக்க ரெண்டு பேரும் முன் சீற்றில இருந்து வாய் ஓயாமல் சண்டை. எனக்கு அது கோயில் மேளம் மாதிரி இருந்தது. ஊருக்குப் போற கதை இனி இல்லை. உம்மட்டை ஏன் பொய், உள்ளுக்குக் கொஞ்சம் வெறிச்செண்டுதான் போச்சு. ஆருக்கும் சொல்லாமல் சேலையளைச் சூட்கேஸில அடுக்கி வைச்சிருந்தனான். இண்டைக்கு எடுத்துத் தோய்ச்சுக் காயப்போட்டன். ரெண்டை மட்டும் உள்ளுக்கே விட்டிட்டன், கிடக்கட்டும்... ஐயோ, கடல் பக்கத்தாலை மழை இறங்குது! பிடியும் இந்தத் தேத்தண்ணிக் கோப்பையை, கொடியில சேலையள் நனையுது!