சந்தனம் பூசிய வாக்கி டாக்கி

என் தம்பிக்கு இரண்டு சாமிகள். ஒன்று, டுரியான் துங்கால் பக்கத்தில் பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்தின் எல்லையில் அரிவாளோடு நிற்கும் முனியாண்டி. இன்னொன்று, அவன் வளர்த்த நாய். முனியாண்டி வருஷத்துக்கு ஒருமுறை ஆடு கேட்பார். நாய் தினமும் கோழி கேட்கும். இரண்டு பேருக்கும் சம்பளத்தைக் கொட்டிவிட்டு, மாசக் கடைசியில் என் வீட்டில் வந்து சாப்பிடுவான்.

அவன் அந்தத் தோட்டத்தில் ஜாகா, அதாவது காவல்காரன். நான் மலாக்கா டவுனில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் விற்பனைக்கு நின்றேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கைத்தொலைபேசி எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளியிடம் மட்டும்தான் இருந்தது. அதைத் தூக்கிச் சுமப்பதற்கே அவருக்கு நல்ல உடம்பு வேண்டியிருந்தது.

அந்த வருஷம் தோட்டத்துக்கு மேனேஜராகப் புதுத் துரை வந்தார். நம்மவர்தான், கோட்டைக் கழற்றினால் நம் மாமா மாதிரி இருப்பார். வந்ததும் இரண்டு காரியம் நடந்தது. பழக்குலை நிறுக்கிற தராசு எடையைக் குறைத்துக் காட்டுகிறது என்று தொழிலாளர் குடியிருக்கிற லயத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. அடுத்தது, நாய்கள் பெருத்துவிட்டன என்று துரை ஓர் உத்தரவு போட்டார். வேலை செய்கிற நாய் மட்டும் இருக்கலாம், மற்றவற்றைச் சுட அடுத்த மாதம் ஆள் வரும்.

தன் நாய் காவல் நாய் என்று தம்பி போய் நின்றிருக்கிறான். "அப்படின்னா செஞ்சு காட்டு. ஒரு ஆள தோட்டத்துல ஒளிய வைப்பேன். கண்டுபிடிச்சா இருக்கட்டும். இல்லன்னா மத்த நாயோட அதுவும் போகட்டும்" என்றாராம் துரை.

அன்று சாயங்காலம் தம்பி மோட்டார் சைக்கிளில் கடைக்கே வந்துவிட்டான். கண் இரண்டும் சிவந்திருந்தது.

"சுட்டுருவாங்கக்கா. அதுக்கு எங்கயாச்சும் உக்காருன்னா உக்காரத்தான் தெரியும். திருடன் புடிக்கவா தெரியும்?"

"நீ மட்டும் இதுவரைக்கும் எத்தனை திருடன புடிச்சிட்ட? அழுவாதடா. கஸ்டமர் பாக்குறாங்க."

திருடனாக நடிக்க நானே வருகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

முதல் ஞாயிறு பெரிய கேவலம். நான் செம்பனை வரிசைக்குள் போய் ஒளிந்தேன். தம்பி அங்கிருந்து, "அக்கா, ஒளிஞ்சிட்டியா?" என்று கத்தினான். "ஒளிஞ்சிட்டேன்டா" என்று நான் இங்கிருந்து கத்தினேன். நாய் நேராகக் குரல் வந்த இடத்துக்கு ஓடி வந்து என் முகத்தை நக்கியது. இதைக் கண்டுபிடிக்க நாய் எதற்கு, ஆபீசில் கணக்கு எழுதுகிற நம் கிராணியே போதும். கைக்குட்டையை ஆட்டிப் பார்த்தோம், செம்பனை மட்டை மறைத்தது. விசில் அடித்தால் நாய்தான் முதலில் திரும்பியது. சத்தமில்லாமல் பேசிக்கொள்ள வாக்கி டாக்கிதான் வழி என்று முடிவாயிற்று.

தவுக்கே நல்ல மனுஷன். கீறல் விழாமல் திரும்பி வர வேண்டும் என்று சொல்லி, கடைச் சாமானையே எடுத்துப்போய்ப் பார்க்க விட்டார். முதலில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஜோடி, பார்க்க அழகு. பெட்டியில் எழுதியிருந்த தூரமெல்லாம் மரமே இல்லாத ஊருக்குத்தான் போலிருக்கிறது. செம்பனைக்குள் நாலு வரிசை தாண்டியதும் தம்பியின் குரல் செத்துவிட்டது. அதற்குப் பதிலாக, ரெம்பியா பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு லாரிக்காரர் இன்னொரு லாரிக்காரரிடம் தன் மாமியாரைப் பற்றி மலாயில் புலம்புவது தெளிவாகக் கேட்டது. தம்பி அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம், கதை முடியும்வரை அசையவில்லை. நாய் படுத்துத் தூங்கிவிட்டது.

அடுத்த ஜோடி எவ்வளவு தூரம் போனாலும் கேட்டது. ஆனால் பேசி முடித்துப் பொத்தானை விட்டதும் 'பீப்' என்று ஒரு சத்தம். ஒளிந்திருக்கிற திருடன் வாயை மூடியதும் பீப் அடித்தால் உருப்படுமா? இரண்டே தடவையில் நாய் அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது. அதையும் திருப்பிக் கொடுத்தேன்.

தவுக்கே பெருமூச்சு விட்டு, பின்னால் போய், கட்டட வேலை நடக்கிற இடத்திலிருந்து வந்த ஒரு பழைய கறுப்பு ஜோடியைக் கொண்டு வந்தார். கனம். வியர்வைக் கையோடும் அழுத்தலாம் போல அகலமான பொத்தான். காதில் மாட்டிக்கொள்ள ஒயர். பீப் கிடையாது.

"இது பழசு லா. ஆனா சத்தம் போடாது. உன் தம்பி மாதிரி இல்ல" என்றார்.

அதுதான் பொருந்தியது. அதோடு நின்றிருந்தால் நன்றாயிருக்கும். எங்கள் ஆட்களுக்குப் புதிதாக ஒரு சாமான் வாங்கினால் கை சும்மா இருக்காது. மோட்டாரோ, கத்தியோ, புல்வெட்டும் இயந்திரமோ, முதலில் முனியாண்டியிடம் போக வேண்டும். தம்பி வாக்கி டாக்கியைக் கொண்டுபோய் வைத்து, எலுமிச்சம்பழம் நறுக்கி, சூடம் காட்டி, சந்தனத்தைக் குழைத்து அப்பியிருந்தான். அதுவும் என்னுடையதில் மட்டும்.

"ஏன்டா, உன்னோடதுக்கு ஒன்னும் கெடையாதா?"

"ஒளியிறவ நீதானக்கா. நாய் கடிச்சிடக் கூடாதுல்ல. உனக்குத்தான் சாமி தொண வேணும்."

மைக் ஓட்டைக்குள் போன சந்தனத்தை ஊசியால் குத்தி எடுத்துக்கொண்டே அவனைத் திட்டினேன். ஆனாலும் மனசு இளகிவிட்டது. ஒவ்வொரு ஞாயிறும் புதுச் சந்தனம் பூசித்தான் கொடுத்தான்.

அதற்குப் பிறகு நாய் பிரமாதப்படுத்தியது. ஓடைக்குள் படுத்தாலும், மட்டைக் குவியலுக்குப் பின்னால் பதுங்கினாலும், தேடி வந்து எதிரில் உட்கார்ந்து குரைத்தது. நான் நகர்ந்தால் துணியைக் கவ்விப் பிடித்தது. என் சட்டை ஒன்று கிழிந்ததற்குத் தம்பி சந்தோஷப்பட்டான்.

சோதனை நாளன்று லயமே மேட்டடியில் கூடிவிட்டது. துரை வந்தார்.

"உன் அக்கா ஒளிய வேணாம், நாய்க்குப் பழக்கம்" என்று டிராக்டர் ஓட்டுகிறவரை உள்ளே அனுப்பினார். பிறகு கையை நீட்டினார். "ரேடியோவ இப்படிக் குடு. நான் மேட்டுல நின்னு சொல்றேன், அப்புறம் நாய விடு."

தம்பி என் வாக்கி டாக்கியை இரண்டு கையாலும் பவ்யமாகக் கொடுத்தான். அன்று நாய்க்கு உயிர்ப்பிரச்சினை என்பதால் சந்தனம் விரல் கனத்துக்கு இருந்தது. துரை முகம் சுளித்தார். ஆனால் அத்தனை பேர் பார்க்கும்போது முனியாண்டி சந்தனத்தைத் துடைக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. அப்படியே இடுப்பில் மாட்டிக்கொண்டார்.

உத்தரவு வந்ததும் தம்பி நாயை விட்டான். அது வரிசைக்குள் பாய்ந்தது. ஓடையில் படுத்திருந்த டிராக்டர்காரரை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிப் போனது. ஒரு சுற்று சுற்றி, மூக்கைத் தூக்கி, மேட்டில் ஏறி, துரைக்கு எதிரில் உட்கார்ந்து குரைத்தது. அவர் பின்வாங்கினார். கால்சட்டையைக் கவ்விக்கொண்டது.

பழம் பொறுக்குகிற அக்கா ஒருத்தி மெதுவாக, "தராசு விஷயம் நாய்க்கும் தெரிஞ்சிருக்கு போல" என்றாள். கூட்டம் மொத்தமும் சிரித்தது.

தம்பி ஓடிப்போய் நாயை இழுத்துக் கட்டிக்கொண்டான். நான் துரையின் இடுப்பைப் பார்த்தேன். கால்சட்டையில் மஞ்சளாக ஒரு கோடு இறங்கியிருந்தது. இத்தனை நாளும் அது தேடியது என்னையல்ல, சந்தனத்தை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இந்த நாய..." என்று ஆரம்பித்த துரை, கூட்டத்தைப் பார்த்து நிறுத்தினார். இன்றைக்கு இதைச் சுட்டால் நாளைக்குக் காப்பிக்கடையில் என்ன பேசுவார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, அது ஏன் என்கிட்ட வந்துச்சு?"

உண்மையைச் சொன்னால் அவர் பெயர் சுத்தமாகும், நாய் சாகும்.

"தெரியலங்க தொரை. அதுக்கு மூக்கு மட்டும் ரொம்ப நல்ல மூக்குங்க" என்றேன்.

அவர் வாக்கி டாக்கியைக் கழற்றி என் கையில் திணித்தார். "வேலைக்கு வெச்சுக்க" என்று தம்பியிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அந்த வாரமே தராசைச் சரிபார்க்க வெளியிலிருந்து ஆள் வந்தது.

சாயங்காலம் தம்பியிடம் சந்தன விஷயத்தைச் சொன்னேன். நாயைப் பற்றி இனிமேல் பீற்றிக்கொள்ளாமல் இருப்பான் என்று ஓர் ஆசை. அவன் நாயின் காதைச் சொறிந்துவிட்டான்.

"அப்ப, தொரைய காட்டிக் குடுத்தது நாய் இல்லக்கா. முனியாண்டி."

நாய் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது, அதன் வாயில் சந்தன வாசம் அடித்தது.