முதல் பெயரோடு நின்றிருக்க வேண்டும்

ஸ்டெல்லா கெட்டிக்காரி, அதில் சந்தேகமே இல்லை. நெய்வேலி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்துகொண்டே சென்னைக் கம்பெனிக்கு வெப்சைட் எழுதிக் கொடுக்கிறவள். கெட்டிக்காரத்தனத்தோடு கொஞ்சம் அலட்டலும் உண்டு. அந்த அலட்டல்தான் அவளைக் கோயில் வாசலில் தலைகுனிய வைத்தது.

பங்குக் கோயில் திருவிழாவில் கொடியைச் சுமந்து வந்து ஏற்றுகிற பெருமை வருஷத்துக்கு ஒரு குடும்பத்துக்கு. ஊர்ப்பட்ட சண்டையும் அதற்காகத்தான். அது நிலக்கரிச் சுரங்கத்தின் பெர்மனென்ட்காரர்கள் வீடுகளைத் தாண்டிப் போனதே கிடையாது. பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வரும் கான்ட்ராக்ட் குடும்பங்கள் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போகும். புதிதாக வந்த ஃபாதருக்கு இது உறுத்தியது. இனிமேல் பெயர் பதிந்த வரிசைப்படி, இதுவரை வாய்ப்புக் கிடைக்காத முதல் குடும்பத்துக்கே கொடி என்று அறிவித்துவிட்டார். யாரும் இடையில் புகுந்து கெடுத்துவிடாதபடி, கொடியேற்றத்தன்று மதியம்தான் செய்தி போகும். மாலைவரை அந்தக் குடும்பம் பங்கில் யாரிடமும் மூச்சு விடக் கூடாது.

"ஆளை எடுத்து மெசேஜ் அனுப்புறதை என் புரோகிராமே பார்த்துக்கும் ஃபாதர், யார் கையும் படாது" என்றாள் ஸ்டெல்லா. ஒரே மூச்சில் எழுதினாள். தன் பெயரை மட்டும் போட்டுச் சோதித்தாள். தன் போனுக்குச் செய்தி வந்தது. அவ்வளவுதான், லேப்டாப்பை மூடிவிட்டாள்.

கொடியேற்றத்தன்று மாலையில் முதலில் வந்து சேர்ந்தவர் இன்னாசிமுத்து. சுரங்கத்தில் பெல்ட் ஓரம் சிந்துகிற கரியை அள்ளும் கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. மனைவி லூசியம்மாள் புதுப்புடவையில் இருந்தாள். முத்தாண்டிக்குப்பத்து உறவெல்லாம் வேன் பிடித்து வந்திருந்தது. ஸ்டெல்லாவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஆனால் பின்னாலேயே இன்னொரு குடும்பம் வெள்ளையும் சொள்ளையுமாக வந்தது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. அட கடவுளே, கடைசியில் பட்டுக்கரை வேட்டியில் அவளுடைய அப்பா அலெக்சாண்டரே வருகிறார்! எல்லார் கையிலும் போன்; எல்லாப் போனிலும் அதே செய்தி: 'இந்த ஆண்டு கொடி உங்கள் குடும்பத்துக்கு.'

அவளுக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. பெயர்களை வரிசையாகப் பார்க்க ஃபார்-ஈச் என்கிற கட்டளையை எழுதியிருந்தாள். ஆள் கிடைத்ததும் நிற்கட்டும் என்று உள்ளே ஒரு ரிட்டர்ன் போட்டிருந்தாள். அது எங்கே நிற்கும்? அங்கே ரிட்டர்ன் என்றால் இவரோடு வேலை முடிந்தது, அடுத்தவரைக் கூப்பிடு என்றுதான் பொருள். கடைசிப் பெயர்வரை ஓடித்தான் ஓயும். நடுவில் நிறுத்த ஃபார்-ஆஃப் எழுதிப் பிரேக் போட வேண்டும். கம்பெனிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அவளே சொல்லித்தருகிற பாடம் அது.

"என்னம்மா இது?" என்றார் ஃபாதர்.

"நெட்வொர்க் பிரச்சினை ஃபாதர்" என்று கூசாமல் புளுகினாள்.

அதற்குள் அலெக்சாண்டர் கொடிக்கம்பைக் கையில் எடுத்துவிட்டார். "எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட் ஃபாதர். சர்வீஸ்ல இருக்கும்போதே ஒரு தடவை தூக்கிடுறேனே."

"ஸ்டெல்லா, லிஸ்ட் உங்கிட்டதான இருக்கு, உண்மையில யார் பேரும்மா முதல்ல இருக்கு?"

முதல் பெயர் இன்னாசிமுத்து. அவளுக்கு நன்றாகத் தெரியும். அப்பா முகத்தைப் பார்த்தாள். சின்னப் பிள்ளைபோலச் சிரித்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னால் அவர் கையிலிருந்து எப்படிப் பிடுங்குவது?

"தெரியல ஃபாதர்" என்றாள்.

இன்னாசிமுத்து யாரும் சொல்லாமலே பின்னால் நகர்ந்துகொண்டார். ரிட்டயர் ஆகப்போகிறவர் என்று மற்றவர்களும் விட்டுக்கொடுக்க, அலெக்சாண்டர் கையால் கொடி ஏறியது, வெடி வெடித்தது. ஸ்டெல்லா தூணுக்குப் பின்னால் கண்ணைத் துடைத்தபோது லூசியம்மாள் வந்து கையைப் பிடித்தாள். "இன்னாத்துக்குக் கண்ணு அழுதுகினு கீற? எங்க வூட்டுக்கும் மெசேஜ் வந்திச்சே, அதே போதும்." பளாரென்று ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஸ்டெல்லாவுக்கு.

வீட்டுக்கு வந்ததும் புரோகிராமைத் திருத்திப் பிரேக் போட்டு ஓடவிட்டாள். திரையில் ஒரே ஒரு பெயர் வந்து நின்றது. கூடத்தில் அப்பா கொடியோடு எடுத்த போட்டோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கொடி நம்மளுது இல்ல. இன்னாசிமுத்து அண்ணனோடது. எனக்கு அங்கேயே தெரியும்."

அலெக்சாண்டர் போனைக் கவிழ்த்து வைத்தார். "கேட்டப்போ சொல்லியிருந்தா கொடுத்திருப்பேனே பாப்பா. இப்போ ரெண்டு பேருமே திருடங்க ஆயிட்டோம்" என்றார்.

மறுநாள் காலையில் ஃபாதரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் திட்டவில்லை. திருவிழா முடிவில் கொடியிறக்கத்தை இன்னாசிமுத்து குடும்பத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றார். அது போதுமென்று நம்பிக்கொண்டு ஸ்டெல்லா வடக்குத்துக்கு வண்டியை விட்டாள்.

இன்னாசிமுத்து ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார். முதல் பெயர் தன்னுடையது என்றதும் சட்டைப் பித்தானில் இருந்த கை அப்படியே நின்றது.

"கொடியிறக்கத்துக்கு நீங்க வரணும்ணே" என்றாள்.

"வாணாம்மா. நாங்க ஏத்துறதப் பாக்கத்தான் எங்க ஜனம் வேன் புடிச்சி வந்திச்சி. எறக்குறதுக்கு எங்கள இட்டுகினு போவாதீங்க."

பித்தானைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.